தரை நனையாமல் இருக்க வாங்கிய சாமான்கள்: ஒரு குழாய் வேலைக்காரனின் மதிப்பீடு

மீன் தொட்டி என்றால் எல்லோரும் முதலில் மீனைப் பார்ப்பார்கள். என் கண் மூட்டுகளின் மேல்தான் போகும். குழாய் வேலை பார்த்தே பழகிவிட்டதால், எந்தத் தொட்டியைப் பார்த்தாலும் தண்ணீர் வெளியே வர எத்தனை வழி இருக்கிறது என்று எண்ணத் தொடங்கிவிடுவேன். மகள் ஆசைப்பட்டாள் என்று வீட்டுக்கு வந்த தொட்டி 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம். விளிம்புவரை நிரப்பினால் 182 லிட்டர், அதாவது 182 கிலோ. மீன், செடி எல்லாம் அவள் பொறுப்பு. தரை என் பொறுப்பு. அந்தத் தரை நனையாமல் இருக்க என்னென்ன வாங்கிப் போட்டேன், எது வேலை செய்கிறது, எது வெறும் பேச்சு என்பதைத்தான் எழுதுகிறேன். கம்பெனிப் பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை. இந்தச் சில்லறைச் சாமான்களில் ஒரே அச்சில் வார்த்தது பல பெயர்களில் விற்கிறது. பெயரைவிட என்ன வகை என்று பார்த்து வாங்குவதுதான் நல்லது.

முதலில் ஒரு கணக்கு. என் தொட்டியின் பரப்பு 90 பெருக்கல் 45, ஆக 4,050 சதுர செ.மீ. தண்ணீர் மட்டம் 1 செ.மீ. இறங்கினால் 4 லிட்டர் வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். 5 செ.மீ. இறங்கினால் 20 லிட்டர், பெரிய வாளி நிறைந்து வழியும். எல்லோரும் பயப்படுவது கண்ணாடி வெடித்துவிடுமோ என்று. ஒழுங்காக ஒட்டி, மட்டமான இடத்தில் வைத்த தொட்டி அப்படி லேசில் உடைந்துவிடாது. நான் போய்ப் பார்த்த வீடுகளில் தரைக்கு வந்த தண்ணீர் பெரும்பாலும் டியூப் வழியாக வந்தது, இல்லையென்றால் கைவழியாக வந்தது. அதனால் எந்தச் சாமானை வாங்கினாலும் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: கரண்ட் போய்விட்டது, அல்லது டியூப் கழன்றுவிட்டது, அப்போது தண்ணீர் எந்த மட்டத்தில் வந்து நிற்கும்? தொட்டிக்குள் அந்த டியூபின் வாய் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நிற்கும். வாய் அடியில் இருந்தால் தொட்டியே காலி.

இந்தக் கேள்விக்கு மிகச் சின்ன விலையில் பதில் சொல்வது ஏர் பம்புக்கான செக் வால்வு. நாங்கள் என்.ஆர்.வி., அதாவது நான்-ரிட்டர்ன் வால்வு என்போம். ஒருபக்கம்தான் வழி விடும், திரும்பி வர விடாது. கட்டைவிரல் நுனி அளவு பிளாஸ்டிக் உருண்டை, உள்ளே ஒரு மெல்லிய ரப்பர் தகடு, அவ்வளவுதான். ஏர் பம்பைப் பெரும்பாலும் தொட்டிக்குக் கீழே அலமாரியில் வைக்கிறார்கள். கரண்ட் போனதும் காற்று நிற்கிறது, டியூப் நுனியில் குமிழி விடுகிற ஏர் ஸ்டோன் வழியாகத் தண்ணீர் டியூபுக்குள் ஏறுகிறது. தண்ணீர் மட்டத்துக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளிதான் இருக்கிறதென்றால், வேகமாக ஏறி வருகிற தண்ணீர் சில நேரம் அந்த மேட்டைத் தாண்டிவிடும். தாண்டியபின் அது சைஃபன், அதாவது மேட்டைத் தாண்டிய தண்ணீர் தன் கனத்தாலேயே பின்னால் வருவதையும் இழுத்துக்கொண்டு கீழே ஓடும். பம்பை நனைத்து, அதன் வழியே தரைக்கு வந்து, ஏர் ஸ்டோன் வெளியே தெரிகிற வரை நிற்காது. ஏர் ஸ்டோன் எங்கே கிடக்கிறது? தொட்டியின் அடியில். ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் இப்படி நடக்காது என்பதுதான் இதில் ஆபத்து. பலமுறை நடக்காததைப் பார்த்துவிட்டு, நம் வீட்டில் நடக்காது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

செக் வால்வில் இரண்டு வகை வாங்கிப் பார்த்தேன். ஒன்று மெல்லிய சிலிக்கான் தகடு வைத்த பிளாஸ்டிக். இன்னொன்று உள்ளே ஸ்பிரிங் வைத்த உலோகம். உலோக வால்வு கையில் எடுத்தால் கனமாக, பார்க்க உறுதியாக இருக்கும். என் தொழிலுக்கு நான் அதைத்தான் எடுத்திருப்பேன். ஆனால் தொட்டியின் அழுத்தம் வேறு. பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால்தான் சுமார் 1 பார் அழுத்தம். 40 செ.மீ. தண்ணீரின் அடியில் 0.04 பார்தான். சின்ன ஏர் பம்ப் அதைத் தாண்டிக் காற்றை அனுப்பத் திணறுகிறபோது, ஸ்பிரிங்கையும் சேர்த்துத் தள்ளு என்றால் குமிழி பாதியாகிவிடும். எங்கள் பம்பில் அப்படித்தான் ஆனது. மகள் வந்து "அப்பா, காத்து சரியா வரல" என்றாள், கழற்றிவிட்டேன். பெரிய பம்ப் வைத்திருப்பவர்களுக்கு உலோக வால்வு ஒத்துவரும். மற்றவர்களுக்குத் தகடு வைத்ததே போதும்.

தகடு வால்வில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடையில் வாயால் ஊதிப் பார்த்து, ஒருபக்கம் போகிறது மறுபக்கம் போகவில்லை, சரி என்று எடுத்து வருவோம். பலமாக ஊதும்போது மூடிக்கொள்கிற தகடு, மெல்ல அழுத்தும்போது மூடாமல் போகலாம். தொட்டியில் வருவதோ மெல்லிய அழுத்தம். அதனால் நான் இப்படிப் பார்க்கிறேன். வால்வின் தொட்டிப் பக்கத்து முனையில் இரண்டு முழம் டியூப் மாட்டி, டியூபின் மறுமுனையைத் தொட்டியின் அடிவரை இறக்குவேன். வால்வை விளிம்புக்கு வெளியே, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே தொங்கவிட்டு, பம்ப் பக்கத்து வாயைத் திறந்தே வைப்பேன். நல்ல வால்வாக இருந்தால் டியூபுக்குள் தண்ணீர் ஒரு விரல் அளவு ஏறி நின்றுவிடும், உள்ளே அடைபட்ட காற்று அதற்குமேல் விடாது. மோசமானது என்றால் தண்ணீர் மெதுவாக ஊர்ந்து ஏறுவது கண்ணுக்கே தெரியும். ஒரு பாக்கெட்டில் வந்தவற்றிலேயே சில தேறின, சில தேறவில்லை. மேலே போட்டிருக்கும் அம்புக்குறி தொட்டியைப் பார்த்து இருக்க வேண்டும். அதைப் பொருத்தும் இடம் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, விளிம்பைத் தாண்டியவுடன். அங்கே இருந்தால் வால்வின் மேல் தண்ணீர் நிற்காது, உப்புப் படியாது, தகடு நாள்பட உழைக்கும். டியூபைப் பொறுத்தவரை, பி.வி.சி. நாளாக ஆக விறைத்து வால்வின் மூக்கிலிருந்து தானாகவே நழுவும். சிலிக்கான் டியூப் மெத்தென்றே இருக்கும். இரண்டும் பொதுவாக உள்விட்டம் 4 மி.மீ., ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளலாம்.

பம்பைத் தொட்டிக்கு மேலே வைக்க முடிந்தால் செக் வால்வே தேவையில்லை. சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிடலாம். அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து அலமாரியிலிருந்து விழுகிற தொல்லையும் இருக்காது. எங்கள் வீட்டில் சத்தம் கேட்கிறது என்று எதிர்ப்பு வந்ததால் அது நடக்கவில்லை.

அடுத்து, தண்ணீர் எச்சரிக்கைக் கருவி. தண்ணீர் பட்டால் கத்துகிற சின்னப் பெட்டி. இதைப் பற்றி நிறைய சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் விளம்பரத்தில் சொல்வதற்கும் வீட்டில் நடப்பதற்கும் நல்ல தூரம். உள்ளே பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அடியில் இரண்டு உலோகப் புள்ளிகள். இடையில் தண்ணீர் வந்து இரண்டையும் இணைத்தால் சின்ன மின்னோட்டம் பாய்ந்து மணி அடிக்கிறது. ஈர விரலை இரண்டு புள்ளியிலும் வைத்தாலே அலறும். வாங்கி வந்த அன்று மகள் இதைக் கண்டுபிடித்துவிட்டாள். அப்புறம் பேட்டரியைக் கழற்றி ஒளித்து வைக்கும்படி ஆனது.

இதிலும் இரண்டு வகை. ஒன்று வட்டத் தகடு போலத் தரையிலேயே வைப்பது, உள்ளே பட்டன் செல். இன்னொன்று பெட்டி மேலே சுவரில், அதிலிருந்து ஒரு வயர் இறங்கி, நுனியில் மட்டும் சென்சார். எனக்குப் பிடித்தது வயர் வைத்தது. வட்டத் தகட்டின் உலோகப் புள்ளிகள் தரையிலிருந்து ஒன்றிரண்டு மி.மீ. உயரத்தில் இருக்கின்றன. தண்ணீர் அந்தக் கனத்துக்குத் தேங்கினால்தான் தெரியவரும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு மி.மீ. கனத்தில் பரவினால் ஒரு சதுர மீட்டர் தரை. தரையில் கொஞ்சம் சரிவு இருந்து, தண்ணீர் மறுபக்கம் ஓடிவிட்டால் கருவி காய்ந்தபடியே உட்கார்ந்திருக்கும், ஈரம் கட்டிலுக்கு அடியில் போய்விடும். வயர் சென்சாரைத் தரையோடு தரையாக ஒட்டி வைக்கலாம், மூலைக்குள் தள்ளலாம், பெட்டியும் பேட்டரியும் நனையாது.

எந்த வகையை வாங்கினாலும் வைக்கும் இடத்தை ஊகித்து வைக்காதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீரைத் தொட்டி ஸ்டாண்டின் காலருகே மெதுவாகக் கொட்டிப் பாருங்கள். அது எங்கே ஓடிப் போய் நிற்கிறதோ அங்கே வையுங்கள். கண்ணுக்கு மட்டமாகத் தெரிகிற டைல்ஸ் தரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைத் தண்ணீர் அரை நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் வீட்டில் நான் நினைத்ததற்கு நேர் எதிர் மூலைக்குப் போனது.

இதைவிட நல்ல வழி, ஃபில்டருக்கு அடியில் ஒரு டிரே வைத்து, சென்சாரை அந்த டிரேயில் போடுவது. 60 செ.மீ. நீளம், 40 அகலம், 5 உயரம் உள்ள டிரே 12 லிட்டர் பிடிக்கும். என் தொட்டியில் 3 செ.மீ. இறக்கத்துக்குச் சமம். மொத்தக் கசிவையும் அது தாங்காது. ஆனால் சொட்டுச் சொட்டாக வருகிற கசிவு, தரையில் பரவித் தப்பிக்காமல் ஒரே இடத்தில் சேரும், மணி சீக்கிரம் அடிக்கும். டிரேக்கென்று தனிப்பொருள் வாங்க வேண்டாம். ஓரம் உயர்ந்த எந்தப் பிளாஸ்டிக் தட்டும் போதும்.

போனுக்குச் செய்தி அனுப்புகிற வைஃபை வகையும் இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நான் மேலே சொன்ன சைஃபன் எப்போது தொடங்குகிறது? கரண்ட் போகும்போது. கரண்ட் போனால் வைஃபை பெட்டியும் போய்விடும். அது பேட்டரியில் ஓடினால்தான் செய்தி வரும். செய்தி வந்தாலும், நீங்கள் ஊரில் இல்லை, சாவி உங்களிடம் இருக்கிறது, என்ன செய்வீர்கள்? ஸ்மார்ட் பிளக் வைத்து பம்பை நிறுத்தலாம் என்பார்கள். பம்ப் தள்ளுகிற தண்ணீர் அதனால் நிற்கும், சைஃபன் தண்ணீர் நிற்காது. பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போகிற வழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் இது பயன்படும். வீட்டில் எப்போதும் ஆள் இருக்கிறது என்றால், சத்தமாகக் கத்துகிற சாதாரணக் கருவிதான் சரி. எவ்வளவு சத்தம் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். நீங்கள் தூங்கும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே ஒருவரை ஈரத் துணியால் சென்சாரைத் தொடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். ஆர்.ஓ. தண்ணீர் சேமித்து வைக்கிற டிரம்முக்குப் பக்கத்தில் வைப்பதாக இருந்தால், அந்தத் தண்ணீரையே தொட்டுச் சோதியுங்கள். அதில் உப்பு குறைவு, மின்சாரம் சரியாகக் கடத்தாது, சில கருவிகள் பேசாமல் இருந்துவிடும். புள்ளிகளில் வெள்ளையாக உப்புப் படிந்தால் துடைக்க வேண்டும். பேட்டரி மாற்றும் நாளில் இதையும் செய்துவிட்டால் மறக்காது.

கேனிஸ்டர் ஃபில்டருக்கு வருவோம். தொட்டிக்குக் கீழே ஸ்டாண்டுக்குள் உட்கார்ந்திருக்கிற பெரிய டப்பா, இரண்டு தடித்த ஹோஸ். தண்ணீரைச் சுத்தமாக வைப்பதில் இதற்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு குழாய்க்காரன் கண்ணுக்கு இது தொட்டியின் அடியில் வைத்த நிரந்தர சைஃபன். மூட்டுகள் பிடித்துக்கொண்டிருக்கிற வரை ஒன்றும் ஆகாது. இந்த டப்பாவில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தயாரிப்பாளர் கொடுத்த உறிஞ்சு குழாய் தொட்டியின் அடிவரை போகும்படி நீளமாக வருகிறது, வழிகாட்டித் தாளில் படமும் அப்படித்தான் போட்டிருக்கிறது. அடியிலிருக்கிற அழுக்கை இழுக்கும் என்பது அவர்கள் எண்ணம். ஹோஸ் கழன்றால் தொட்டி முழுவதும் காலியாகும் என்பது என் எண்ணம். குழாயை 15 செ.மீ. வெட்டிக் குறைத்தேன். எங்கள் தொட்டிப் பரப்பில் அது 60 லிட்டர் தண்ணீர். என்ன ஆனாலும் அந்த 60 லிட்டர் உள்ளேயே இருக்கும், மீனும் பிழைக்கும். ஃபில்டரின் வேலையில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. தண்ணீர் திரும்பி வருகிற துளைக் குழாயை, அதாவது ஸ்ப்ரே பாரைத் தண்ணீர் மட்டத்தை ஒட்டியே வைத்தால் அந்தப் பக்கத்திலிருந்து இழுக்கிற சைஃபனும் உடனே அறுந்துவிடும்.

உறிஞ்சு குழாயில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு துளை போடச் சொல்கிறவர்களும் உண்டு. மட்டம் துளைக்குக் கீழே இறங்கினால் காற்று புகுந்து சைஃபன் நிற்கும் என்பது கணக்கு. சரியான கணக்குதான், ஆனால் குண்டூசித் துளை போட்டால் தடித்த ஹோஸின் ஓட்டத்துக்கு அது போதாது, பாசியும் அடைத்துவிடும். பெரிதாகப் போட்டால், தண்ணீர் ஆவியாகி மட்டம் கொஞ்சம் குறைந்தாலே ஃபில்டர் காற்றை இழுத்துக் கரகரவென்று சத்தம் போடும். அதனால்தான் குழாயைக் குறைப்பது எனக்குப் பிடித்தது. கீழே சம்ப், அதாவது தண்ணீர் இறங்கிச் சுத்தமாகித் திரும்புகிற இரண்டாவது தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் துளை தேவை, ஆனால் அதை அடிக்கடி குச்சியால் குத்திச் சுத்தம் செய்கிற பொறுமையும் தேவை.

கேனிஸ்டர் ஒழுகுவது பெரும்பாலும் சுத்தம் செய்து மாட்டிய அன்றுதான். மூடியைச் சுற்றி இருக்கிற ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு மணல் துகள், ஒரு செடி நார், ஒரு முடி கிடந்தால் போதும். இங்கே ஒரு நல்ல சாமான் சொல்ல வேண்டும்: சிலிக்கான் கிரீஸ். சின்ன டப்பா வாங்கினால் காலாகாலத்துக்கும் வரும். ஓ-ரிங்கைக் கழற்றி, ஈர விரலால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத துகள் விரலுக்குத் தெரியும். அது உட்காருகிற பள்ளத்தையும் துடையுங்கள். அப்புறம் கிரீஸை மெல்லிய மினுமினுப்பு வருகிற அளவுக்குப் பூசினால் போதும், அப்பக் கூடாது. பெட்ரோலியம் ஜெல்லி வீட்டில் இருக்கிறதே என்று அதைத் தடவாதீர்கள், சில வகை ரப்பரை அது ஊத வைத்துவிடும். ஊதிய ஓ-ரிங் பள்ளத்தில் உட்காராது. மூடியின் கிளிப்புகளை எதிரெதிராகப் போடுங்கள், ஒரு பக்கமாகப் போட்டுக்கொண்டு வந்தால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். மாட்டியபின் டிரேயில் காய்ந்த டிஷ்யூ விரித்து அதன்மேல் டப்பாவை வைத்து ஓட விடுவேன். டிஷ்யூவில் சொட்டு விழுந்தால் வட்டமாகக் கறை தெரியும்.

ஹோஸ் முனைகளுக்கு நான் கிளாம்ப் போட்டேன். ஃபில்டரோடு வருகிற பிளாஸ்டிக் நட்டு மோசமில்லை, ஆனால் ஹோஸ் விறைத்தபின் அதன் பிடி தளரும். முனையை வெந்நீரில் முக்கி இளக்கி, கடைசிவரை தள்ளி ஏற்றி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளாம்ப் போட்டு இறுக்கினால் கையால் இழுத்தாலும் வராது. பிளாஸ்டிக் நிப்பிள் மேல் போடுகிறபோது பலத்தைக் காட்டினால் விரிசல் விடும், அளவோடு நிறுத்துங்கள். கடல் மீன் வளர்ப்பவர்கள் ஸ்டீல் வேண்டாம், உப்பு அரிக்கும், பிளாஸ்டிக் கிளாம்ப் வாங்குங்கள். பழைய ஹோஸ் முனை அகன்று தளர்ந்திருந்தால் கடைசி இரண்டு செ.மீ. வெட்டி எறிந்துவிட்டுத் திரும்ப மாட்டலாம். அதற்காகவே ஹோஸைக் கொஞ்சம் நீளம் விட்டு மாட்டுவது என் பழக்கம். வால்வோடு சேர்ந்த கழற்று மூட்டு இல்லாத ஃபில்டர் என்றால் அதைத் தனியாக வாங்கிப் போடுங்கள். ஃபில்டரைத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டு போகும்போது வழியெல்லாம் கோலம் போடாது.

வாட்டர் சேஞ்ச், அதாவது பழைய தண்ணீரில் கொஞ்சம் இறக்கிப் புதிது ஊற்றுகிற வேலைக்கான சாமான்களில் எனக்கு மிகவும் பிடித்துப் போனது வாளி விளிம்பில் ஹோஸைக் கவ்விப் பிடிக்கிற கிளிப். சைஃபன் தொடங்குகிற நேரத்தில் ஹோஸ் துள்ளும், வாளிக்கு வெளியே வந்து சுவரில் அடிக்கும். கிளிப் அதைப் பிடித்துக்கொள்கிறது. இதற்காகத் தயாரித்ததில் திருகு வைத்தது வாங்குங்கள், ஸ்பிரிங் வைத்தது தடித்த வாளி விளிம்பில் ஏறாது. தொட்டிப் பக்கத்துக்கும் ஒன்று வாங்கினால் இன்னொரு லாபம் இருக்கிறது. ஹோஸின் வாயை நீங்கள் இறக்க நினைக்கிற மட்டத்திலேயே கிளிப் போட்டு நிறுத்திவிடலாம். 12 செ.மீ. ஆழத்தில் வாய் இருந்தால் 12 செ.மீ. இறங்கியதும் காற்று புகுந்து தானாகவே நின்றுவிடும். மறுமுனையைக் குளியலறைச் சாக்கடை வாயில் போட்டுவிட்டால் நீங்கள் எங்கே போனாலும் கவலை இல்லை. வாளிக்குள் விடுகிறபோது மட்டும் வாளியை விட்டு நகரக் கூடாது.

நிரப்புவது வேறு கதை. குழாயிலிருந்து நேராக ஹோஸ் போட்டு நிரப்புகிறவர்கள்தான் அறையையே குளமாக்குகிறார்கள். தொட்டியிலிருந்து வெளியே போகிற தண்ணீருக்கு ஒரு எல்லை உண்டு, குழாயிலிருந்து வருகிறதற்கு எல்லையே இல்லை. "ஒரு நிமிஷம்தானே" என்று போனை எடுக்கப் போவார்கள். இதற்கென்று மிதவை வால்வு விற்கிறார்கள், நானும் வாங்கினேன். கழிவறைத் தொட்டியில் இருப்பதன் தம்பிதான். அதை நம்பி நகர மாட்டேன், ஏனென்றால் மிதவை ஒரு செடியில் மாட்டிக்கொண்டால் கதை முடிந்தது. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஹோஸின் வாயைத் தொட்டித் தண்ணீருக்குள் முக்கி வைக்காதீர்கள், மேலே தூக்கி, இடைவெளி விட்டு ஊற்றும்படி வையுங்கள். குழாயில் அழுத்தம் போனால் மீன் தண்ணீர் வீட்டுக் குழாய்க்குள் பின்னோக்கிப் போகும். குடிக்கிற குழாய் அது.

ஆவியாகிற தண்ணீரைத் தானாக நிரப்புகிற கருவிக்கும் இதே சந்தேகம்தான். அதை வாங்குவதில் தவறில்லை, குழாயோடு மட்டும் இணைக்காமல் தனி டப்பாவிலிருந்து எடுக்கும்படி வையுங்கள். தொட்டியில் விளிம்புவரை 3 செ.மீ. காலி இருந்தால் என் அளவுக்கு 12 லிட்டர். டப்பா 10 லிட்டராக இருந்தால், சென்சார் பழுதாகி மொத்தத்தையும் கொட்டினாலும் வழியாது.

மூடி, மெத்தை இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். மூடி இருந்தால் தெறிப்பும் துள்ளுகிற மீனும் உள்ளேயே இருக்கும், அது உட்புறமாகச் சற்றுச் சாய்ந்திருந்தால் ஆவி படிந்த சொட்டு உள்ளே விழும். அடியில் போடுகிற ஃபோம் மெத்தை சட்டமில்லாத தொட்டிக்குத் தேவை, பிளாஸ்டிக் சட்டத்தில் நிற்கிற தொட்டிக்குப் போடக் கூடாது. அடிக்கண்ணாடியைச் சட்டம் தரையிலிருந்து தூக்கி வைத்திருக்கிறது, மெத்தை நடுவில் முட்டி அழுத்தும். மட்டம் பார்க்க ரசமட்டம் இருந்தால் நல்லது, இல்லையென்றால் நான்கு மூலையிலும் தண்ணீருக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்தாலே போதும்.

மூடிக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. ஸ்டாண்டின் ஒரு மூலையில் மட்டும் ஈரம் வந்துகொண்டே இருந்தது. மூட்டெல்லாம் காய்ந்திருந்தன, எச்சரிக்கைக் கருவியும் பேசவில்லை. மகள்தான் பார்த்தாள். வாலிஸ்னேரியா என்கிற நீர்ச்செடியின் நீண்ட இலை ஒன்று மூடி இடுக்கு வழியாக வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது மாதிரி, இலை தண்ணீரை மேலே இழுத்து விளிம்பைத் தாண்டி இறக்குகிறது. இலை நுனியில் ஒரு சொட்டு திரண்டு, பருத்து, விழுந்து, அடுத்தது திரள்கிறது. ஃபில்டர் பஞ்சின் நூல், விளிம்பில் போட்ட துணி எல்லாம் இதையேதான் செய்யும். வயரும் அப்படித்தான்: குமிழி தெறித்து நனைந்த வயர் வழியாகத் தண்ணீர் வழிந்து பிளக் வரை போகும். வயரைப் பிளக்குக்குக் கீழே தொங்கும்படி ஒரு வளைவு விட்டு மாட்டினால், சொட்டு அந்த வளைவின் அடியில் தரையில் விழுந்துவிடும். காசில்லாத சாமான். அதோடு அந்த லைனில் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக சிலிக்கான். தெரிந்தவர்கள் தொட்டி ஒழுகுகிறது என்று கூப்பிட்டால் முதலில் எதிர்பார்ப்பது, வெளியிலிருந்து கொஞ்சம் சிலிக்கான் அடித்துவிட்டுப் போவேன் என்றுதான். வெளியில் அடித்தது நிற்காது, உள்ளிருந்து வருகிற தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். முதலில் அது கசிவுதானா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் கண்ணாடி வெளிப்பக்கம் வியர்க்கும், வழிந்து அடியில் தேங்கும். சுத்தமாகத் துடைத்துவிட்டு, அடி விளிம்பைச் சுற்றி டிஷ்யூ துண்டுகளைச் செருகி வைத்தால், கசிவு என்றால் ஒரே இடம் நனையும், வியர்வை என்றால் எல்லாமே ஈரமாகும். மூட்டில் வெள்ளைக் கோடாக உப்புப் படிந்திருந்தால் அது பழைய கசிவு.

சரி, கசிவுதான் என்றால் தண்ணீரை இறக்கி, உட்புறச் சிலிக்கானைப் பிளேடால் முழுவதும் எடுத்து, துடைத்து, காயவைத்துப் புதிதாக அடிக்க வேண்டும். பழைய சிலிக்கான் மேல் புதியது ஒட்டாது. வாங்கும் டியூபில் 100 சதவீதம் சிலிக்கான் என்று இருக்க வேண்டும். பூஞ்சை பிடிக்காது என்று குளியலறைக்கு விற்கிற டியூபில் மருந்து கலந்திருக்கும், அது மீனுக்கு ஆகாது. நான் வேலைக்கு எடுத்துப் போகிற பையில் பெரும்பாலும் அதுதான் கிடக்கும், அதனால் தொட்டிக்கென்று தனியாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அடிக்கும்போது வினிகர் வாசனை வருவது இந்த வகைக்கு இயல்பு. மேல்தோல் சில நிமிடங்களில் கட்டிக்கொள்ளும், உள்ளே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மி.மீ. தான் இறுகும். ஒரு வாரம் விட்டு, குளியலறையில் வைத்து நிரப்பிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடியும் ஸ்டாண்டில் ஏற்றச் சொல்வேன். உட்புற ஓரச் சிலிக்கான் கிழிந்திருந்தால் இந்த வேலை பலன் தரும். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே பிடித்திருக்கிற ஒட்டே விட்டுப் போயிருந்தால் அதில் நான் கை வைப்பதில்லை, வேறு தொட்டி வாங்கச் சொல்லிவிடுவேன். 182 கிலோவைப் பிடித்து நிற்பது அந்த ஒட்டுதான்.